விண்கலத்தின் சூடும் சுமையும்



வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள், பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூரை நெருங்கும்போதே இந்த வட்டாரத்தின் தொழில் இன்னதென்று தெரிந்துகொள்வார்கள். கண் காண்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில்கள். நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். விண்கலங்களின் உறுப்புகள் சூட்டையும் குளிரையும், அதிர்ச்சியையும் சுமையையும் தாங்குமா என்று கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். தோலுக்கும் விண்கலத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவைச் சொல்லத்தான் இன்று உங்கள்முன் பேச வந்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறை நாட்களில் எங்கள் தெருவை அடுத்த தோல் பதனிடும் சாலைக்குச் சென்று வேடிக்கை பார்ப்பது எனக்கு வழக்கம். அங்கே வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். குரோம் உப்பு நீரில் ஊறி இளநீல நிறம் பெற்ற தோல்கள் பீப்பாயிலிருந்து வெளியே வந்தவுடன், அவர் ஒன்றிலிருந்து சிறு துண்டு நறுக்கி எடுப்பார். ஒரு காகிதத்தின்மேல் வைத்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வார். பிறகு கொதிக்கும் நீரில் சில நிமிஷங்கள் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின்மேல் மீண்டும் வைத்துப் பார்ப்பார். துண்டு கோட்டளவுக்கே இருந்தால் தோல் நன்றாகப் பதப்பட்டது என்று பொருள். சுருங்கிச் சுருண்டால் பதம் உள்வரை ஏறவில்லை. தோல் மறுபடியும் பீப்பாய்க்குப் போக வேண்டும்.

பதனிடாத தோல் ஏறத்தாழ 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோம் பதனிட்ட நல்ல தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் அந்த மேஸ்திரியிடம் நான் கற்றது இந்த எண்களையன்று. அவர் துண்டு நறுக்கும் இடத்தைக் கவனித்தேன். வயிற்றுப் பக்கத்தின் மெல்லிய தோலில் அவர் ஒருநாளும் கத்தி வைத்ததில்லை. எப்போதும் கழுத்துப் பக்கத்தின் தடித்த தோலில்தான் நறுக்குவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“தம்பி, வயிற்றுத் தோலுக்கு உப்பு சீக்கிரம் ஏறிவிடும். அதில் நறுக்கினால் எப்போதும் நல்ல பதில்தான் வரும். கழுத்தில் கடைசியாகத்தான் ஏறும். கழுத்து தேறினால் முழுத் தோலும் தேறியது. இங்கே சுருங்கினால் ஒரு துண்டு நஷ்டம். செருப்பான பிறகு சுருங்கினால் முதலாளியின் பெயரே நஷ்டம்” என்றார்.

நான் இன்று செய்யும் தொழிலின் சாரம் முழுவதும் அந்த விடையில் அடங்கியிருக்கிறது. விண்கலத்தின் கழுத்துப் பக்கம் எது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே கத்தி வைத்துப் பார்ப்பதே பகுப்பாய்வுப் பொறியாளனின் வேலை. ஒரு வேற்றுமை உண்டு. கெட்ட செருப்பைத் திருப்பி அனுப்பலாம். ஏவிய விண்கலத்தைத் திருப்பி அழைக்க இயலாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அது தரையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

முதலில் சூட்டைப் பற்றிப் பார்ப்போம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் நிழலில்கூட 40 டிகிரியைத் தாண்டும். ஆயினும் இங்கே நமக்குக் காற்று என்னும் நண்பன் இருக்கிறான். அவன் சூட்டை ஓரிடத்திலிருந்து வாங்கி மற்றோரிடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறான். விண்வெளியில் அவன் இல்லை. அங்கே வெப்பம் செல்வதற்கு வழிகள் இரண்டே. ஒன்று, தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களின் வழியே கடந்து செல்வது. மற்றொன்று, ஒளிபோலக் கதிராக வீசிச் செல்வது. விண்கலம் முழுமையும் வெளியே இழக்கும் வெப்பம் கதிராக மட்டுமே வெளியேற முடியும்.

இந்தக் கணக்கைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு தாளில் போட்டுவிடலாம். பூமியின் தொலைவில், சூரியனுக்கு நேராக வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் 1,361 வாட். ஒரு பொருள் உமிழும் வெப்பமோ அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் சூடு நிற்கும். ஒரு கரிய தகட்டின் பின்புறத்தை நன்றாக மூடி, முகத்தைச் சூரியனுக்கு நேரே காட்டினால், அது சுமார் 120 டிகிரி செல்சியஸில் நிலைபெறும். அதே கரிய பூச்சைக் கொண்ட ஓர் உருண்டையை அதே இடத்தில் வைத்தால் அது ஏறத்தாழ 5 டிகிரியில் நிலைபெறும். ஏனெனில் உருண்டை தன் குறுக்குவெட்டுப் பரப்பினால் வெயிலை வாங்கி, அதைப்போல் நான்கு மடங்கு பரப்பினால் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சூரியன் ஒன்று, தொலைவு ஒன்று, பூச்சு ஒன்று. வடிவம் மட்டும் மாறியதால் 115 டிகிரி வேறுபாடு உண்டாகிறது.

இனி வடிவத்தை மாற்றாமல் பூச்சை மாற்றுவோம். வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே ஏற்று, வெப்பத்தைத் தாராளமாக உமிழும் வெள்ளை வண்ணத்தை அந்த உருண்டைக்குப் பூசினால் அது பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். மெருகேற்றிய பொன்முலாம் பூசினாலோ 160 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பளபளக்கும் பொருள் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆதலால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பொன் வெயிலில் கால் பங்கை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றதை உமிழ்வதிலோ மிகப் பெரிய கஞ்சன். வரவு சிறிது, செலவு அதனினும் சிறிது. அதனால் சூடு சேர்ந்துகொண்டே போகிறது. வெயிலில் கிடந்த பித்தளைச் செம்பைத் தொட்டுக் கையை உதறியவர்களுக்கு இது ஓரளவு விளங்கும்.

படங்களில் விண்கலத்தைச் சுற்றி நீங்கள் காணும் பொன்னிறப் போர்வை அழகுக்காகப் போர்த்தப்பட்டதன்று. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் உலோக முலாமிட்டு, ஒன்றையொன்று தொடாதபடி இடையே வலைத்துணியிட்டுப் பல அடுக்குகளாக அடுக்கிய போர்வை அது. வெளிச்சூடு உள்ளே வராமலும் உட்சூடு வெளியே போகாமலும் அது காக்கிறது. உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகளின் சூட்டை வெளியேற்ற, போர்வையில் சன்னல்கள்போலச் சில இடங்களைத் திறந்து, அங்கே கண்ணாடி போன்ற பலகைகளைப் பதிக்கிறோம். கருவிகள் ஓய்ந்து குளிரும்போது சூடேற்றச் சிறு மின் அடுப்புகளும் உண்டு.

பூமிக்கு அருகே சுற்றும் ஒரு செயற்கைக்கோள் ஏறத்தாழ 95 நிமிஷங்களில் ஒரு சுற்று முடிக்கிறது. அதில் 35 நிமிஷங்கள் வரை பூமியின் நிழலில் இருக்கக்கூடும். அதாவது ஒருநாளில் 15 முறை அக்கினி நட்சத்திரமும் 15 முறை மார்கழிக் குளிரும் வந்துபோகின்றன. இத்தனைக்கும் நடுவே அதன் மின்கலம் அறைச் சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும்.

இங்கேதான் மேஸ்திரியின் கழுத்துத் துண்டு வருகிறது. சராசரிச் சூட்டைக் கணக்கிடுவது வயிற்றுத் தோலில் நறுக்குவது போன்றது. அதில் எப்போதும் நல்ல விடையே வரும். நாங்கள் இரண்டு நாட்களைக் கற்பனை செய்கிறோம். முதலாவது, மிகச் சூடான நாள். பூமி சூரியனுக்கு அண்மையில் இருக்கும் ஜனவரி மாதம். எல்லாக் கருவிகளும் ஒருங்கே இயங்குகின்றன. வெள்ளை வண்ணம் பல ஆண்டு வெயிலில் பழுத்து, முன்னைவிட மிகுதியாக வெப்பத்தை ஏற்கிறது. இரண்டாவது, மிகக் குளிர்ந்த நாள். பூமி சூரியனிலிருந்து விலகி நிற்கும் ஜூலை மாதம், வெயில் ஏறத்தாழ 7 சதவிகிதம் குறைவு, கருவிகள் உறங்குகின்றன, வண்ணம் புத்தம் புதியது. இவ்விரு நாட்களிலும் எந்த உறுப்பும் தன் எல்லையைத் தாண்டாது என்று காட்டினால்தான் வடிவமைப்புக்கு ஒப்புதல் கிடைக்கும்.

இனிச் சுமையைப் பார்ப்போம். விண்கலம் விண்ணில் எடையற்று மிதக்கும். அங்கே அதற்குப் பெரிய சுமை ஏதுமில்லை. அதற்கு வரும் பெருஞ்சோதனை அங்கே போய்ச் சேரும் பயணத்தில்தான். சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 16 நிமிஷங்களில் ஏவுகலத்தை விட்டுப் பிரிந்தது. பல ஆண்டுகள் உழைத்துச் செய்த கலம் அந்தச் சில நிமிஷங்களில் அதிர்வையும், செவியைப் பிளக்கும் ஓசையையும், அடுக்குகள் கழலும்போது உண்டாகும் அதிர்ச்சியையும் தாங்கிக் கடந்தாக வேண்டும்.

அதிர்வில் அஞ்சத்தக்கது ஒத்ததிர்வு. ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறோம். ஊஞ்சலின் இயல்பான ஆட்டத்தை அனுசரித்து விரலால் தள்ளினாலே போதும், ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வோர் உறுப்புக்கும் அத்தகைய இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு. ஏவுகலத்தின் அதிர்வு அதனோடு பொருந்திவிட்டால் சிறு உந்துதலும் உறுப்பை முறித்துவிடும். ஆகையால் விண்கலத்தைக் கணினியில் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் அடுத்ததை எவ்வாறு இழுக்கிறது, தள்ளுகிறது என்று சமன்பாடு எழுதி, முழுக் கலமும் எந்த எண்ணில் ஆடும் என்று காண்கிறோம். அது ஏவுகலத்தின் எண்ணிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

இத்துறையில் ஆராய்ச்சி செய்த ஒருவரை நீங்கள் யாவரும் அறிவீர்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநராக விளங்கிய ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன், முதலில் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, பின்னர்ப் பொறியியல் பட்டங்கள் பெற்றவர். சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், விண்கலத்தின் மின்னணுப் பெட்டிகளில் உண்டாகும் அதிர்வை அடக்குவது. அவர் ஆராய்ந்த முறையில் சிறு அறை ஒன்றில் உலோகக் குண்டுகள் இடப்படுகின்றன. பெட்டி அதிரும்போது குண்டுகள் அறையின் சுவரிலும் ஒன்றோடொன்றும் மோதி, அதிர்வின் ஆற்றலைத் தமக்குள் வாங்கிக் கரைத்துவிடுகின்றன. கோலிக் குண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிய சிறுவர் எவருக்கும் புரியக்கூடிய கருத்து; ஆனால் எத்தனை குண்டு, எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது என்பவற்றைத் துல்லியமாக அறியப் பல ஆண்டு உழைப்பு வேண்டும்.

சூடும் சுமையும் தனித்தனி என்று எண்ணிவிடாதீர்கள். அவை ஒரே வீட்டில் வாழும் மாமியாரும் மருமகளும் போன்றவை. ஒருவரைத் திருப்தி செய்தால் மற்றவர் முகம் சுளிப்பார். உறுப்பு உறுதியாக நிற்க வேண்டுமானால் உலோகத்தோடு உலோகத்தை இறுக்கி முடுக்க வேண்டும். அவ்வழியே சூடும் பாய்ந்துவிடும். சூட்டைத் தடுக்க இடையே வெப்பங்கடத்தாப் பொருளை வைத்தால் பிடிப்புத் தளரும். மேலும் சூடு பட்ட பொருள் நீளும். ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம் 10 டிகிரி சூடானால் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். வீட்டுக் கதவுக்கு அது ஒரு பொருட்டன்று. தொலைநோக்கிக்கோ அது பெரும் பிழை.

தொலைநோக்கி என்றதும் நம் வட்டாரத்துக்கே வருவோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துவருகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், ஆதித்யா-எல்1 விண்கலத்தின் பெரிய கருவியாகிய சூரிய ஒளிவட்ட நோக்கியைச் செய்து, 2023 ஜனவரி 26 அன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த அக்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. சூரியனின் கண்கூசும் முகத்தை மறைத்துவிட்டு, அதைச் சுற்றிலுமுள்ள மங்கலான ஒளிவட்டத்தைப் பார்ப்பது அந்தக் கருவியின் வேலை. ஓயாமல் வெயிலை நோக்கி நிற்கும் கருவி, தன் ஆடிகளை மயிரிழையும் பிசகாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சூடும் சுமையும் ஒரே கேள்வி ஆகிவிடுவது இத்தகைய இடத்தில்தான்.

இத்தனை கணக்கும் போட்ட பிறகு விடை சரிதானா என்பதை யார் சொல்வது? சோதனைதான் சொல்ல வேண்டும். பெரிய இரும்பறை ஒன்றில் கலத்தை வைத்து, காற்றை உறிஞ்சி, சுவர்களைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து, பல நாட்கள் சூட்டிலும் குளிரிலும் வாட்டுகிறார்கள். அதிர்வு மேசையில் ஏற்றிக் குலுக்குகிறார்கள்.

என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்னணுப் பெட்டியின் சூட்டை நான் கணக்கிட்டேன். வெற்றிட அறையில் வைத்துப் பார்த்தபோது என் கணக்கைவிட 14 டிகிரி மிகுதியாகக் காட்டியது. எல்லையைத் தாண்டவில்லை, ஆனாலும் கணக்குப் பொய்த்துவிட்டது. என் சமன்பாட்டில் ஒரு குணகத்தைச் சற்றே மாற்றினால் இரண்டு எண்களும் அழகாகப் பொருந்தும் என்று கண்டேன். மாற்றினேன்; பொருந்தியது. மகிழ்ச்சியோடு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. “காரணம் தெரியாமல் பொருந்திய எண்ணைவிட, காரணம் தெரிந்து பொருந்தாத எண் மேல். பெட்டியைத் திறந்து பாருங்கள்” என்றார்.

திறந்தோம். பெட்டியின் அடிப்பரப்பும் அது அமர்ந்த பலகையும் முழுமையாகத் தொட்டுக்கொண்டிருப்பதாக நான் கணக்கில் கொண்டிருந்தேன். உண்மையில் திருகாணிகளைச் சுற்றி மட்டுமே அவை தொட்டன. நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி. தரையில் அந்த இடைவெளியைக் காற்று நிரப்பிச் சூட்டைக் கடத்தும். வெற்றிடத்தில் அங்கே ஒன்றுமில்லை. இடையே மென்மையான வெப்பங்கடத்தித் தாள் ஒன்றை வைத்தோம், சூடு இறங்கியது. நான் அந்த எண்ணை மாற்றி மூடி வைத்திருந்தால், அதே இடைவெளி அடுத்த கலத்திலும் இருந்திருக்கும், யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். நான் வயிற்றுத் தோலில் நறுக்கியிருந்தேன் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

பெரியவர்களுக்கும் இயற்கை இப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-1, நிலவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. நண்பகலில் நிலவின் தரை 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆகவே அக்கலத்துக்கு மேலே சூரியன், கீழே அடுப்பு. நவம்பர் மாதத்திலேயே கலத்தின் உட்சூடு 50 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. கலத்தைத் திருப்பியும் சில கருவிகளை அணைத்தும் சூட்டைத் தணித்தார்கள். 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் 75 டிகிரி அளவு சூடு இருக்கும் என்று கருதியிருந்ததாகவும், உண்மையில் அதைவிட மிகுந்துவிட்டதாகவும் செயற்கைக்கோள் மையத்தின் அன்றைய இயக்குநர் டி. கே. அலெக்ஸ் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கென்று அனுப்பிய கலத்தோடு 2009 ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அற்றது. அதற்குள் அது நிலவை 3,400க்கு மேற்பட்ட முறை சுற்றி, அங்கே நீரின் சுவட்டைக் கண்டறியவும் உதவிவிட்டது. ஆயினும் கணக்கில் வந்த குறையை மறைக்காமல் எடுத்துச் சொன்னதும் ஓர் உதவியே. பின்னே வருபவர்களுக்கு அது வழிகாட்டி.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 கலத்தின் தரையிறங்கி நிலவில் மோதி வீழ்ந்தது. அடுத்த கலத்தை அமைத்தபோது, எவையெல்லாம் தவறக்கூடும் என்பதையே முதற்கேள்வியாக வைத்தார்கள். கால்கள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் போதும் என்றிருந்ததை 3 மீட்டராக உயர்த்தினார்கள். வேகம் ஒன்றரை மடங்கு. மோதும் ஆற்றலோ அதன் இருபடி, அதாவது இரண்டே கால் மடங்கு. அவ்வளவையும் அக்கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 மாலை அவை நிலவில் ஊன்றி நின்றன.

இறங்கிய சில நாட்களில் அக்கலத்தின் வெப்பமானி நிலவு மண்ணில் நுழைந்து ஒரு செய்தி சொன்னது. மேற்பரப்பில் 70 டிகிரிக்கு அருகில். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்தில் 80 டிகிரி வேறுபாடு! மேற்பரப்பில் 20 முதல் 30 டிகிரி இருக்கலாம் என்றே விஞ்ஞானிகள் எதிர்பார்த்திருந்தார்கள். நாம் எவ்வளவு கணக்கிட்டாலும் இயற்கை தன் கழுத்துப் பக்கம் ஒன்றை நமக்குக் காட்டாமல் வைத்திருக்கிறது. பொறியாளன் ஒவ்வொரு கணக்கிலும் சிறிது இடம் மிச்சம் விட்டு வைப்பது அதனால்தான். எல்லை 60 டிகிரி என்றால் 50க்குள் நிறுத்தப் பார்ப்பான். அந்தப் பத்து டிகிரி, ‘எனக்கு எல்லாம் தெரியாது’ என்று அவன் போடும் கையொப்பம்.

இளைஞர்களே, முடிக்கும்முன் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் என் மேலதிகாரியிடம் கற்ற நேர்மைக்குப் பொருந்தாது. எங்கள் மேஸ்திரி தோலைக் கழுத்தில் நறுக்கிச் சோதித்தார். ஆனால் அந்தத் தோலைக் கழுவிய நீர் எங்கே போகிறது, அது எவ்வளவு காலம் நிலத்தில் தங்கும், கிணறு எப்போது கரிக்கும் என்ற கணக்கை அக்காலத்தில் இங்கே யாரும் உரிய நேரத்தில் போடவில்லை. தோலைச் சோதித்தோம், பாலாற்றைச் சோதிக்கவில்லை. ஆறும் வயலும் கிணறும் கெட்ட பிறகே வழக்கு எழுந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு அது. நம் வட்டாரத்தின் பெயர் அதில் இடம்பெற்றது பெருமையாலன்று. அதன் பாடம் மட்டும் நமக்கு உரியது.

விண்கலத்தைத் திருப்பி அழைக்க முடியாது என்று முன்னே சொன்னேன். ஓர் ஆற்றையும் அவ்வளவு எளிதில் திருப்பி அழைக்க முடிவதில்லை. நீங்கள் பொறியாளர் ஆகலாம், மருத்துவர் ஆகலாம், தோல் தொழிலையே மேற்கொள்ளலாம், பாலம் கட்டலாம், சட்டம் இயற்றலாம். எதைச் செய்தாலும், செய்து முடித்த பிறகு கையால் தொட்டுத் திருத்த இயலாத இடம் ஒன்று அதில் இருக்கும். அதை முதலில் தேடுங்கள். நல்ல பதில் வரும் மெல்லிய இடத்தை விட்டுவிட்டு, தடித்த இடத்தில் கத்தி வையுங்கள். அங்கே சுருங்கினால் வருந்த வேண்டா. ஒரு துண்டுதான் நஷ்டம்.